மோட்டாருக்கு ஒரு விசிறி

ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினால் நெருப்பு மூண்டு எரிகிறது. அதே வாயால் அதே காற்றை டவராவில் இருக்கும் காப்பியின்மேல் ஊதினால் காப்பி ஆறிப் போகிறது. காற்றுக்கு இப்படி இரண்டு முகங்கள் இருப்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் தினந்தோறும் விடியற்காலையிலேயே நிரூபித்து விடுகிறார்கள். கொல்லன் துருத்தி காற்றின் முதல் முகத்தைப் பயன்படுத்திக் கொள்கிறது. இரண்டாவது முகத்தைக் கொண்டு மின்சார மோட்டார் சைக்கிளின் மோட்டாரை ஆற்ற முடியுமா, எவ்வளவு தூரம் முடியும், அதனால் நமக்கு என்ன லாபம் என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக் கொண்ட விஷயம்.

"மோட்டார் சுட்டால் நமக்கென்ன?" என்று கேட்கும் நேயர்களை ஒரு தரம் சித்திரை மாதத்தில் அச்சங்குளத்துக்குப் போய்வரும்படி கேட்டுக் கொள்கிறோம். விருதுநகர் ஜில்லாவில் சாத்தூரை அடுத்த கிராமம் அது. சுற்றிலும் கரிசல் காடு. மரநிழல் அருமை. பகல் பதினொரு மணிக்குத் தார் ரோட்டின்மேல் காற்று நெளிவது கண்ணுக்குத் தெரியும். நிழலிலேயே 40 டிகிரி உஷ்ணம் அங்கே அதிசயமல்ல. அந்தப் பிரதேசத்தின் பிழைப்புப் பட்டாசும் தீக்குச்சியும். உஷ்ணத்தைப் பற்றி அங்குள்ளவர்களுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. வெடிமருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன்பே முடித்துக் கொள்வது அவர்களுடைய வழக்கம். 2021-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் பல உயிர்கள் மாண்டன. அந்த ஊரில் 'சூடு' என்ற சொல்லை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

இப்போது அந்தச் சாலைகளிலும் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. பெட்ரோல் விலையை நினைத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு அடுத்தபடி ஏழை எளியவர்களின் வாகனம் மோட்டார் சைக்கிள்தான். புருஷன், மனைவி, குழந்தை, ஓர் அரிசி மூட்டை ஆகிய அனைவரும் அனைத்தும் ஒரே வண்டியில் போக வேண்டும். விளம்பரங்களில் மெலிந்த ஒரு வாலிபர் மட்டும் கடற்கரை ஓரமாகத் தனியே போகிறார். அந்த வாலிபரை நாம் சாத்தூர் ரோட்டில் இதுவரை சந்தித்ததில்லை.

மோட்டார் ஏன் சுடுகிறது? உள்ளே தாமிரக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் ஓடும்போது கம்பியின் தடையினால் ஒரு பங்கு உஷ்ணமாகிவிடுகிறது. இதிலே கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. வண்டி இரண்டு மடங்கு பலத்தோடு இழுக்க வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் ஓட வேண்டும். மின்சாரம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் உஷ்ணம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. பாரம் கூட்டல் கணக்கில் ஏறினால் சூடு பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கணக்கென்றால் தலைவலி வரும் என்பவர்கள் அடுத்த பாராவுக்குத் தாண்டிக் கொள்ளலாம், நமக்கு வருத்தமில்லை. வண்டியும் அதில் ஏறிய இருவரும் சேர்ந்து 260 கிலோ என்று வைத்துக் கொள்வோம். நூறு அடி போனால் ஆறு அடி உயரும் மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறார்கள். அதற்குச் சக்கரத்தில் வேண்டிய சக்தி சுமார் 1,800 வாட். மெதுவாகவும் கடினமாகவும் உழைக்கும்போது மோட்டார் தான் வாங்கிய சக்தியில் நூற்றுக்கு 85 பங்கைத் திருப்பிக் கொடுத்தால் அது கெட்டிக்கார மோட்டார். மிச்சம் சுமார் 300 வாட் உஷ்ணமாகிவிடும். துணி தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லலாம். பத்துக் கிலோ எடையுள்ள மோட்டாருக்குள் இந்தச் சூடு வெளியேற வழியின்றி அடைபட்டால் நிமிஷத்துக்கு 4 டிகிரி வீதம் ஏறும். கால் மணி நேரத்தில் 60 டிகிரி. புறப்படும்போதே அது 42 டிகிரியில் இருந்தால் கால் மணியில் நூறைத் தாண்டிவிட்டது. இதுவும் சராசரிக் கணக்குத்தான். சுருளின் நடுவே இதைவிட அதிகமாயிருக்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையோ கால் மணியில் முடிகிற சாலை அல்ல.

இதோடு நின்றாலும் பாதகமில்லை. தாமிரம் சூடேறச் சூடேற அதன் தடையும் ஏறுகிறது. நூறு டிகிரி கூடினால் தடை நூற்றுக்கு 39 பங்கு கூடிவிடுகிறது. அதாவது அதே வேலைக்கு முன்னிலும் அதிகச் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு தடையை இன்னும் ஏற்றுகிறது. லேவாதேவிக்காரரிடம் வட்டிக்கு வட்டி கொடுத்தவர்களுக்கு இந்த யந்திர சாஸ்திரம் உடனே விளங்கும்.

இந்தக் கடனுக்கு ஜாமீன் நிற்பவர்கள் இருவர். ஒருவர், கம்பியின்மேல் பூசியிருக்கும் மின்காப்புப் பூச்சு. 155 டிகிரி வரை தாங்குவது ஒரு ரகம், 180 வரை தாங்குவது மற்றொரு ரகம். எல்லையைத் தாண்டிப் பத்துப் பத்து டிகிரி ஏறும்போது பூச்சின் ஆயுள் பாதி பாதியாகக் குறைகிறது என்பது மோட்டார் தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் விதி. இரண்டாவது ஜாமீன்தாரர் காந்தம். இக்கால மோட்டார்களில் வைக்கும் நியோடிமியம் காந்தம் அளவில் சிறியது, பலத்தில் அசுரன். ஆனால் உஷ்ணம் அதற்கு ஆகாது. சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் நம்பத்தக்கதல்ல. எல்லை மீறிச் சூடேறிய காந்தம் ஆறிய பிறகும் பழைய பலத்தை முழுதும் திரும்பப் பெறுவதில்லை. மனிதர்களிலும் இப்படிச் சிலர் உண்டு.

ஆகையால் வண்டி செய்பவர்கள் மோட்டாருக்குள் ஓர் உஷ்ணமானியை வைத்துவிடுகிறார்கள். சூடு எல்லையை நெருங்கினால் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைத் தானே குறைத்துவிடும். மோட்டார் பிழைத்துக் கொள்ளும். ஏறிக்கொண்டிருப்பவர்தான் திண்டாட வேண்டும். சாத்தூரில் ஒரு வண்டி பழுது பார்க்கும் கடையில் நாம் நின்று கொண்டிருந்தபோது இப்படித் திண்டாடிய ஒருவர் வண்டியைக் கொண்டு வந்தார். "அண்ணாச்சி, மேட்டில் ஏறும்போது வண்டி செத்துப் போயிற்று" என்றார். கடைக்கார முதியவர் மோட்டார்க் கூட்டின்மேல் கையை வைத்துப் பார்த்துச் சட்டென்று எடுத்துக் கொண்டார். "சாகவில்லை தம்பி, மூச்சு வாங்குகிறது. அரை மணி நேரம் நிழலில் விடும். பிறகு தானே எழுந்து ஓடும்" என்றார். அப்படியே ஓடிற்று. அந்த அரை மணி நேரத்தில் நமக்கும் ஒரு டம்ளர் சர்பத்தும் கொஞ்சம் யந்திர ஞானமும் கிடைத்தன.

முதியவர் தம் கடையிலேயே நின்ற இரண்டு பழைய வண்டிகளைக் காட்டினார். ஒன்று, 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் ஜாதி மோட்டார் சைக்கிள். அதன் என்ஜின் திறந்த மேனியாய்க் காற்றில் நிற்கிறது. உடம்பெல்லாம் தகடு தகடாய் மடிப்புகள். ஓடும்போது எதிரே வரும் காற்று அந்த மடிப்புகளின் இடையே புகுந்து சூட்டை வாங்கிக் கொண்டு போகிறது. மற்றொன்று ஒரு பழைய ஸ்கூட்டர். 1946-இல் இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டரைச் செய்தவர்கள், ஏறுகிறவரின் வேஷ்டியும் கால்சட்டையும் எண்ணெய் ஆகாமலிருக்க என்ஜினைத் தகட்டு மூடிக்குள் ஒளித்து வைத்தார்கள். மூடிக்குள் காற்று எப்படிப் போகும்? அதற்காக என்ஜின் அச்சிலேயே சுழலும் சக்கரத்தில் விசிறி இறகுகளை வைத்து, காற்றைத் தகட்டுக் குழாய் வழியே என்ஜின்மேல் திருப்பிவிட்டார்கள். வலிந்து காற்றைச் செலுத்தும் முறை என்பது இதுதான். நம் வீட்டு ஸ்கூட்டர்களில் பலவும் இன்றைக்கும் இந்த முறையில்தான் ஆறுகின்றன.

"அப்படியானால் மின்சார மோட்டாரின் அச்சிலும் ஒரு விசிறியை மாட்டிவிட்டால் தீர்ந்தது!" என்று சொல்லத் தோன்றும். நாமும் அதைத்தான் கேட்டோம். முதியவர் சிரித்தார். காரணம் இதுதான். பெட்ரோல் ஸ்கூட்டருக்குக் கியர் உண்டு. மேட்டில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போதும் என்ஜின் வேகமாகவே சுழல்கிறது. அதனால் விசிறியும் வேகமாக வீசுகிறது. மின்சார வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கியர் கிடையாது. வண்டி மெதுவானால் மோட்டாரும் மெதுவாகும், விசிறியும் மெதுவாகும். விசிறியின் வேகம் பாதியானால் அது தள்ளும் காற்றின் அளவு பாதியாகும். காற்றைத் தள்ளும் அழுத்தமோ கால் பங்காகிவிடும். மோட்டார் எப்போது அதிகமாகச் சுடுகிறது? மெதுவாக மேடு ஏறும்போது. விசிறி எப்போது குறைவாக வீசுகிறது? அதே சமயத்தில்! கல்யாணத்துக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, கஷ்ட காலத்தில் காணாமல் போகும் உறவினர் மாதிரிதான் இந்த விசிறி.

எதிர்க்காற்றை மட்டும் நம்புவதிலும் இதே குறை இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் காற்றின் அழுத்தம் சுமார் பதினைந்து மில்லிமீட்டர் நீர் மட்டத்துக்குச் சமம். 30 கிலோமீட்டரில் அது வெறும் நான்கு மில்லிமீட்டர். சந்து பொந்துகளுக்குள் நுழைந்து சுருளைத் தொடுவதற்கு இந்த நான்கு மில்லிமீட்டர் போதாது.

எனவே மோட்டாரின் வேகத்தோடு சம்பந்தப்படாத தனி விசிறி வேண்டும். அது தனக்கென ஒரு குட்டி மோட்டாரால் சுழல வேண்டும். மோட்டாரை ஆற்ற இன்னொரு மோட்டாரா என்று கேட்டால், ஆம் என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், குட்டி மோட்டார் குடிப்பது இருபது முப்பது வாட் மட்டுமே. முன்னே சொன்ன 300 வாட் சூட்டை, உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 15 டிகிரி அதிகம் சூடாகும்படி எடுத்துச் செல்ல வேண்டுமானால், விநாடிக்குச் சுமார் 18 லிட்டர் காற்று வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுழலும் ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான விசிறி திறந்த வெளியில் இதைவிட அதிகமாகவே வீசும். ஆனால் குழாய்க்குள்ளும் வடிகட்டிக்குள்ளும் தள்ளச் சொன்னால் அது சோர்ந்துவிடும். கூண்டுக்குள் சுழன்று பக்கவாட்டில் காற்றைப் பீச்சும் ஜாதி விசிறியே இதற்கு உகந்தது.

இதே வேலையைத் தண்ணீர் செய்தால் விநாடிக்கு ஒரு தேக்கரண்டி போதும். தண்ணீர் அவ்வளவு பெரிய சுமைகூலி. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனி 2019-இல் விற்பனைக்குக் கொண்டு வந்த லைவ்வயர் வண்டியின் மோட்டாரைத் திரவம்தான் ஆற்றுகிறது. அதே தேசத்து ஜீரோ கம்பெனியாரோ வெறும் காற்றையே நம்பி வண்டி செய்து வந்தார்கள். தண்ணீர் முறைக்குப் பம்பு வேண்டும், குழாய் வேண்டும், ரேடியேட்டர் வேண்டும், எங்கேயாவது ஒழுகினால் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். கடைசியில் ரேடியேட்டரும் அந்தச் சூட்டைக் காற்றிடந்தான் ஒப்படைக்கிறது! லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் வண்டிக்கு அது சரி. சாத்தூர் ரோட்டில் அரிசி மூட்டை ஏற்றும் வண்டிக்குக் காற்றே போதுமானால் காற்றையே கேட்போம் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த இடத்தில் ஒரு வெற்றிக் கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நம் நாட்டில் பலர் அதைக் கேள்விப்பட்டதேயில்லை.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் நூறு வருஷத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்து வருகிறது. மலையும் கிராமமும் கல்சுவரும் நிறைந்த பொதுச் சாலையில் ஒரு சுற்று ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 2009-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி அங்கே முதல் முதலாக மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கென்று ஒரு பந்தயம் வைத்தார்கள். பணமும் பேரும் உள்ள கோஷ்டிகள் வந்திருந்தன. முதலாவதாக வந்த வண்டியின் பெயர் என்ன தெரியுமா? 'அக்னி'! இந்தியாவிலே, குஜராத்திலே வேர் கொண்ட அக்னி மோட்டார்ஸ் ஸ்தாபனத்தின் மோட்டார்கள் இரண்டைச் சுசுகி வண்டி ஒன்றின் சட்டத்தில் பொருத்தி ஓட்டினார்கள். ஓட்டியவர் ராப் பார்பர் என்ற ஆங்கிலேயர். ஒரு சுற்றை இருபத்தாறு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில் முடித்தார்; சராசரி வேகம் மணிக்கு 87 மைலுக்குச் சற்று அதிகம், அதாவது சுமார் 140 கிலோமீட்டர்.

அந்த மோட்டாரின் பிதா செட்ரிக் லிஞ்ச் என்ற விசித்திர மனிதர். பிறப்பால் ஆங்கிலேயர். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். காலில் செருப்புப் போடாமல் நடப்பவர்; பொறியியல் பட்டம் எதுவும் வாங்காதவர். 1979-இல் பாட்டரி வண்டிப் போட்டி ஒன்றுக்காகக் காலியான தகர டப்பாக்களை வெட்டி, அந்தத் தகட்டைக் கொண்டே ஒரு மோட்டார் செய்தார். பெரிய பெரிய கம்பெனிகளின் மோட்டார்கள் எதிரே இருந்தும் அது எல்லோரையும் பிரமிக்க வைத்தது. சாதாரண மோட்டார் உருளை மாதிரி இருக்கும். லிஞ்சின் மோட்டார் தோசைக்கல் மாதிரி தட்டையாயிருக்கும். சுழல்வது தாமிரக் கீற்றுகளை அடுக்கிய ஒரு வட்டத் தட்டு. அதன் இரு புறமும் காந்தங்கள் நிற்கும். பிற்காலத்தில் லிஞ்ச் இந்தியக் கூட்டாளிகளோடு சேர்ந்து அக்னி மோட்டாரை உருவாக்கினார்.

நம் விஷயத்துக்கு இந்த மோட்டார் எவ்வாறு சம்பந்தப்படுகிறது என்றால், சூடு பிறக்கும் தாமிரம் இதிலே சுழலும் பாகத்தில் இருக்கிறது. நிலையாக நிற்கும் சுருளென்றால் அதன் வெளிக்கூட்டைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடலாம். சுழலுகிற தட்டுக்குத் தண்ணீர்ச் சட்டை போடுவது எப்படி? அதைத் தொடக்கூடிய ஒரே பொருள் காற்றுத்தான். ஆகவே இத்தகைய மோட்டாரைக் கொண்டு சொந்தமாக வண்டி கட்டும் உற்சாகிகள் எல்லா தேசங்களிலும் பக்கத்தில் ஒரு தனி விசிறியைப் பொருத்திக் காற்றைத் துவாரங்களின் வழியே செலுத்தி வந்திருக்கிறார்கள். இந்த முறைக்கு அவர்களே நல்ல ஆசிரியர்கள்.

அவர்களது அனுபவத்திலிருந்து தெரியவருவது, காற்றை உறிஞ்சுவதைவிடத் தள்ளுவது மேல் என்பது. விசிறி வெளிக்காற்றை வடிகட்டி வழியே இழுத்து மோட்டாருக்குள் தள்ளினால், உள்ளே அழுத்தம் சற்று அதிகமாக இருக்கும். எந்தச் சிறு இடுக்கிலும் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. அதனால் தூசியும் வராது. உறிஞ்சினாலோ ஒவ்வோர் இடுக்கும் தூசிக்கு வாசலாகிவிடும். அன்றியும் தள்ளும் விசிறி குளிர்ந்த காற்றைக் கையாள்கிறது. உறிஞ்சும் விசிறி சுட்ட காற்றையே சுவாசித்துக் கொண்டு கிடக்க வேண்டும். காற்று வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிடப் பெரிதாக, கீழும் பின்னும் நோக்கியதாக இருப்பது நலம், மழைத்தண்ணீர் வடிந்துவிடும். காற்று வெளிக்கூட்டை மட்டும் தடவிப் போனால் பாதிப் பலன்தான். சுருள்களின் முனைகளைத் தொட்டுப் போக வேண்டும். வண்டி நின்ற பிறகும் ஐந்து நிமிஷம் விசிறி சுழல வேண்டியது அவசியம். ஓட்டம் நின்றதும் எதிர்க்காற்று நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் சூடு அப்போதுதான் மெல்ல மெல்லக் காந்தத்துக்கும் பரவும்.

மான் தீவில் ஜூன் மாதத்திலும் குளிர்ச்சட்டை வேண்டும். அச்சங்குளத்தில்? மோட்டாரின் எல்லை 120 டிகிரி என்று கொள்வோம். 20 டிகிரிக் காற்றை உட்கொள்ளும் மோட்டாருக்கு நூறு டிகிரி இடைவெளி கிடைக்கிறது. 42 டிகிரிக் காற்றை உட்கொள்ளும் மோட்டாருக்கு எழுபத்தெட்டுத்தான். சூட்டைக் கழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் புறப்படும்போதே போய்விட்டது. மோட்டார்களின் சக்தியைக் குறிக்கும் சர்வதேச விதிகளில் சுற்றுப்புறம் 40 டிகிரிக்கு மேற்படாது என்பது வழக்கமான அனுமானம். நம் சித்திரை வெயில் அந்த அனுமானத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே பெயர்த் தகட்டில் பொறித்த எண்ணைச் சீமையின் குளிர்ச்சியில் நம்பலாம்; நம் ஊரில் கொஞ்சம் கழித்துக் கொண்டுதான் நம்ப வேண்டும்.

அச்சங்குளத்தை உத்தேசித்து மற்றோர் எச்சரிக்கையும் தேவை. இது சாமானியமான எச்சரிக்கை அல்ல. லிஞ்ச் மோட்டாரைப் போன்றவற்றில் சுழலும் பாகத்துக்குக் கரித்துண்டுகள் உராய்ந்து மின்சாரத்தைக் கொடுக்கின்றன. உராயுமிடத்தில் சிறு பொறிகள் பறக்கும். திறந்த துவாரங்களின் வழியே வெளிக்காற்றை ஊதினால் அந்தப் பொறிகளின் மேலாகத்தான் காற்று போகும். பட்டாசுக்கு வேண்டிய அலுமினியத் தூளும் கந்தகமும் கையாளப்படும் இடத்தில் அப்படிப்பட்ட வண்டியைக் கொண்டு போய் நிறுத்துவதை நினைக்கவே பயமாயிருக்கிறது. அலுமினியத் தூள் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். தானே எரியும் பொருளுங்கூட. அது சுருளுக்குள் போய்ப் படிந்தால் வேறு தீமைகளும் உண்டு. எனவே பந்தயத்தில் வென்ற மோட்டார் என்பதற்காக அதையே பட்டாசுப் பூமிக்குச் சிபாரிசு செய்ய நாம் தயாராயில்லை. அங்கே வேண்டியது கரித்துண்டு இல்லாத, முழுதும் மூடிய மோட்டார். அதன் கூட்டின் வெளிப்புறத்தில் தகட்டு மடிப்புகள். அந்த மடிப்புகளின்மேல் ஒரு போர்வைத் தகடு. அதற்குள்ளே தனி விசிறி. பஞ்சு பறக்கும் கோயம்புத்தூர் ஆலைகளில் மூடிய கூட்டின்மேல் வெளிவிசிறி வீசும் மோட்டார்கள் நெடுங்காலமாக உழைக்கின்றன. முறை புதிதல்ல, அதை இரு சக்கரத்தின்மேல் ஏற்றுவதுதான் புதிது. எவ்வளவு மூடிய வண்டியானாலும் ஆலை வாசலுக்கு வெளியே, தூர நிற்க வேண்டியதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். கம்பெனியின் ஐக்யூப் ஸ்கூட்டரில் மோட்டார் பின் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் 2013-இல் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை கட்டியிருக்கும் ஏதர் கம்பெனியின் ஸ்கூட்டரில் மோட்டார் வண்டியின் நடுவில் இருந்து வார் மூலம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்துக்குள் இருந்தால் வாரும் சங்கிலியும் மிச்சம். ஆனால் அந்த ரகத்தில் சூடு பிறக்கும் சுருள் நட்டநடுவே அச்சில் இருக்கும், சுற்றிலும் சுழலும் கூடு. விசிறிக் குழாயை அதற்குள் நுழைப்பது பிரம்மப் பிரயத்தனம். நடுவில் நிற்கும் மோட்டாருக்குக் காற்றைக் கொண்டு போவது சுலபம். சமவெளியில் கடைகண்ணிக்குப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். மேட்டில் பாரம் ஏற்றுகிறவர் இந்த வித்தியாசத்தை விசாரித்து வாங்குவது நல்லது.

இவ்வளவு தூரம் ஒரு விசிறிக்காக வாதாடுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். விசிறிக்குப் பின்னே ஒரு தேசப் பிரச்னை ஒளிந்திருக்கிறது. நியோடிமியம் காந்தம் சூட்டைத் தாங்க வேண்டுமானால் அதில் டிஸ்ப்ரோசியம் என்ற அபூர்வ உலோகத்தைச் சிறிது சேர்க்க வேண்டும். எவ்வளவு அதிகச் சூட்டைத் தாங்க வேண்டுமோ அவ்வளவு அதிகம் சேர்க்க வேண்டும். அதன் உற்பத்தி பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது. 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சீன சர்க்கார் டிஸ்ப்ரோசியம் முதலான ஏழு உலோகங்களையும் அவற்றாலான காந்தங்களையும் அனுமதியின்றி ஏற்றுமதி செய்யக் கூடாதென்று கட்டுப்பாடு விதித்தது. சில மாதங்களுக்குள் நம் நாட்டு மின்சார வண்டித் தொழிற்சாலைகளுக்கு நெருக்கடி வந்துவிட்டது. ஒரு சிட்டிகை உலோகத்துக்காக ஒரு தொழிலே வாசலில் காத்து நின்றது.

நம்மிடம் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியில்லை. கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாதுப்பொருள் இருக்கிறது. அதிலே நியோடிமியம் உண்டு. டிஸ்ப்ரோசியமோ மிக அற்பம். ஆகவே நமது கடற்கரை மணலிலிருந்து காந்தம் செய்யும் நாள் வந்தாலும், அந்தக் காந்தம் சூட்டுக்குப் பயந்த காந்தமாகவே இருக்கக்கூடும். அதற்குச் சூட்டைத் தாங்கக் கற்றுக் கொடுக்க அந்நிய உலோகத்தைத் தேடுவது ஒரு வழி. அதைச் சூடேறாமலே வைத்துக்கொள்வது மற்றொரு வழி. இரண்டாவது வழிக்கு வேண்டியவை ஒரு விசிறி, ஒரு குழாய், ஒரு வடிகட்டி. மூன்றையும் கோயம்புத்தூரிலோ சிவகாசியிலோ செய்து கொள்ளலாம். எவரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூர் என்றதும் ஜி. டி. நாயுடு ஞாபகத்துக்கு வருகிறார். 1937-இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவில் முதல் மின்சார மோட்டாரைச் செய்தார்கள். சிவகாசிக்காரர்களின் கதையும் குறைந்ததல்ல. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பினார்கள். வானம் பார்த்த பூமியில் ஒரு தொழில் முளைத்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மோட்டாரையே தலைமேல் வைத்துக் கொண்டாடிய காலத்தில் நாயுடு சும்மா இருந்திருந்தால், இன்றைக்குப் பட்டறைதோறும் பம்பு மோட்டார் செய்யும் கோவையைப் பார்த்திருக்க மாட்டோம்.

மின்சார வண்டி தீப்பற்றுகிறதே என்ற பீதியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அந்தக் கவலையெல்லாம் முக்கியமாகப் பாட்டரியைப் பற்றியது, மோட்டாரைப் பற்றியதல்ல. அதற்குப் பிறகு மத்திய சர்க்கார் பாட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலுமாக இரண்டு தவணைகளில் அமலுக்குக் கொண்டு வந்தது. மோட்டாருக்கு விசிறி வைத்துவிட்டோம், இனிப் பாட்டரியைப் பற்றிக் கவலையில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது வேறு உறுப்பு, வேறு வைத்தியம். விசிறியிலிருந்து வெளிவரும் சுட்ட காற்று பாட்டரிப் பெட்டியின்மேல் படாமல் திருப்பிவிட வேண்டியது மட்டும் இரண்டுக்கும் பொதுவான காரியம். சொந்தமாக விசிறி பொருத்த ஆசைப்படும் வாலிபர்கள் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள் என்று சாத்தூர் முதியவர் குறைப்பட்டுக் கொண்டார். வண்டிக் கம்பெனி கொடுத்திருக்கும் உத்தரவாதக் காகிதத்தையும் அவர்கள் ஒரு தரம் வாசித்துவிட்டுத் துளை போடுவது உத்தமம்.

விசிறி வந்து சேரும் வரையில் என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டோம். "வெயிலில் மேடு ஏறி வந்த வண்டியை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், உடனே சார்ஜரிலும் போட வேண்டாம். வேப்பமரத்தடியில் அரை மணி நிறுத்துங்கள். தகட்டு மடிப்புகளில் கரிசல் மண் ஒட்டியிருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பாதிச் சூடு மண்ணால் வருகிறது, அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே, காத்திருந்த அடுத்த வண்டியின் மோட்டார்க் கூட்டின்மேல் கையை வைத்துப் பார்க்கப் போய்விட்டார்.